உசாவும் உரிமை

மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நாம் ஆசிரியராக இருந்த காலம். ஒருநாள் மாலை, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த தாயொருத்தி எமது விடுதி வாயிலில் நின்றாள். இடுப்பிற் கட்டிய படங்கைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. ஒரு கையில் சிறிய மருந்துப் போத்தல். மறு கையில் மடித்து மடித்து நைந்துபோன கடதாசித் துண்டு.

“சேர், சின்னவனுக்குக் காய்ச்சல். இதக் கொஞ்சம் வாசிச்சிச் சொல்லுங்க” என்றாள்.

துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. நீரிற் கரைத்துக் கொடுக்கும் தூள் மருந்து அது. கொதித்தாறிய நீரிற் கரைத்தபின் ஏழு நாட்களுள் உபயோகித்துவிட வேண்டும். எஞ்சியதை எறிந்துவிட வேண்டும் என்று அதிற் கண்டிருந்தது. எப்போது கரைத்த மருந்தென்று கேட்டோம். மூத்தவனுக்குச் சென்ற மாதம் வாங்கியதில் மிஞ்சியதாம். “வெல கூடின மருந்து சேர், வீச மனசு வரல்ல” என்றாள். இளையவனுக்கு மூன்று வேளை கொடுத்துமாயிற்று.

போத்தலை எறிந்துவிட்டுப் பிள்ளையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். அவள் இரு கைகளையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு விரைந்தாள். பிள்ளை தேறிவிட்டான். ஆனால் அந்தக் கும்பிடு இன்றும் எமது நெஞ்சை உறுத்துகிறது. நாம் செய்தது என்ன? சில வரிகளை வாசித்தோம், அவ்வளவே. அவள் எழுத்தறியாதவள் அல்லள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தமிழை நன்றாக வாசிப்பாள். அந்தச் சில வரிகள் தமிழில், அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்திருப்பின், களைத்த காலோடு எமது வாயிலுக்கு வரவேண்டிய தேவை அவளுக்கு இருந்திராது. எம்மைக் கும்பிடவேண்டிய தேவையும் இருந்திராது.

மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே, விலையின்றி, அறிவுக் களஞ்சியங்களை ஆக்கிக் கொடுக்கவேண்டும் என்று இன்று பலரும் பேசுகின்றனர். நல்ல பேச்சு. ஆயின், அவ்வாறு ஆக்கிக் கொடுப்பது எத்தகைய செயல்? கற்றவர் கல்லாதவருக்கு இடும் கொடையா? அன்றி, என்றோ திருப்பிக் கொடுத்திருக்கவேண்டிய கடனா? வினா வெறும் சொல்லாராய்ச்சி போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, அக் களஞ்சியத்தை எழுதுபவர் யார், அதிற் புகும் பொருள் யாது, அது யாருக்குப் பயன்படும் என்பனவெல்லாம் தீர்மானமாகின்றன.

எமது நூலகங்களில் ‘உசாத்துணைப் பகுதி’ என்று ஒரு மூலை உண்டு. அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், தேசப்படங்கள், சட்டத் தொகுதிகள் அங்கே இருக்கும். பெரும்பாலும் பூட்டிய அலுமாரிகளில் இருக்கும். இரவல் வழங்கப்படமாட்டாது என்ற அறிவித்தலும் அருகிலே தொங்கும். உசாவுதல் என்பது வினவுதல், கேட்டுக் கலந்தறிதல். வினவுபவனுக்குத் துணை நிற்பது உசாத்துணை. இத்துணை அழகிய பெயரைச் சூட்டிய நாமே அதற்குப் பூட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.

பாடநூலுக்கும் உசாத்துணை நூலுக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர்களாகிய நாம் ஊன்றி நோக்குவதில்லை. பாடநூலில் வினாவைத் தெரிபவர் வேறொருவர். பாடத்திட்டம் வகுத்தவர் எதை முக்கியமென்று கருதினாரோ அதையே மாணவன் படிக்கிறான். பரீட்சகர் கேட்டதற்கே விடை எழுதுகிறான். உசாத்துணை நூலைத் திறப்பவனோ தனது சொந்த வினாவோடு வருகிறான். கரைத்த மருந்து எத்தனை நாள் தாங்கும்? ஊழியர் சேமலாப நிதியை எப்போது பெறலாம்? நெற்பயிரின் இலை ஏன் மஞ்சளிக்கிறது? இவை அவனுடைய வாழ்க்கையிலிருந்து எழுந்த வினாக்கள். இவற்றுக்கு எவர் முன்னும் கைகட்டி நில்லாமல் விடை காண்பது அறிவோடு மாத்திரமன்றி மானத்தோடும் தொடர்புடைய விடயம்.

விடையை அறிந்தவன், அறியாதவன்மீது பெறும் அதிகாரத்தை எமது சமூகம் நன்கறியும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடமும், கிராமத்து விதானையிடமும், கச்சேரி வாசலில் அமர்ந்து பெற்றிசம் எழுதிக் கொடுப்பவரிடமும் எமது பாட்டன்மார் தலை தாழ்த்தி நின்றது, அவர்கள் பலசாலிகளாக இருந்தமையால் அன்று. ஒரு கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள், அதுவே காரணம். அந்த வரிசையில் ஆசிரியர்களாகிய எமக்கும் ஓர் ஆசனம் உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. “சேரிடம் கேட்டாற் சொல்வார்” என்ற பெருமையை நாமும் உள்ளூர விரும்பியவர்களே.

பூட்டைத் திறக்க முயன்றவர்களின் வரலாறு நீண்டது. பிரான்சில் 1751ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய பெருங் கலைக்களஞ்சியத்தை இங்கு நினைவுகூரலாம். அதன் முதன்மை ஆசிரியரான டெனிஸ் டிடெரோ, கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். தொழில்களைப் பற்றி எழுதுவதற்கு அவர் ஏடுகளை மாத்திரம் நம்பவில்லை. பட்டறைகளுக்குச் சென்று தொழிலாளரிடம் கேட்டறிந்தார். காலுறை நெய்யும் பொறியின் நுட்பத்தை நேரிற் கண்டு விளங்கி எழுதினார். 1759இல் அரசு அந்நூலுக்கு வழங்கிய அனுமதியை இரத்துச் செய்தது. எனினும் 17 எழுத்துத் தொகுதிகளும் 11 படத் தொகுதிகளும் 1772ஆம் ஆண்டளவில் முடிவுற்றன. அரசருக்கும் மடாலயத்துக்கும் மாத்திரமே உரியதென்று கருதப்பட்ட அறிவின் அவையிலே, தச்சனும் கொல்லனும் நெசவாளனும் அன்று இடம் பெற்றார்கள்.

ஆயினும், அந்நூலின் முதற் பதிப்பை வாங்கும் சக்தி, எந்தத் தொழிலாளரிடம் கேட்டு அது எழுதப்பட்டதோ அந்தத் தொழிலாளருக்கு இருக்கவில்லை. பட்டறையிலிருந்து எடுத்த அறிவு, செல்வந்தர் வீட்டு நூலறைக்குப் போய்ச் சேர்ந்தது. கடன் என்று நாம் கூறுவதன் பொருள் இங்கேதான் தெளிவாகிறது. மனிதகுலத்தின் அறிவு, அறிஞர் சிலர் தனிமையிலிருந்து நெய்த பட்டாடை அன்று. விதையைத் தெரிந்தெடுத்த உழவனும், காற்றைக் கணித்த மீனவனும், மூலிகையைக் கண்ட கிழவியும் அதற்கு முதலிட்டவர்கள். முதலிட்டவருக்கே பங்கு மறுக்கப்படுமாயின், பின்னர் அவருக்குக் கொடுப்பதைக் கொடை என்று எவ்வாறு அழைப்பது?

பிரெஞ்சு மொழிக்காவது ஓர் அரசின் பலம் இருந்தது. அதிகாரமற்ற மொழியின் நிலை யாது? பிரித்தானியாவின் ஒரு பகுதியாகிய வேல்ஸ் நாட்டை நோக்குவோம். அந்நாட்டுக் கல்வி நிலையை ஆராய அரசு அனுப்பிய ஆங்கிலேய ஆணையாளர் மூவர், 1847இல் வெளிவந்த தமது அறிக்கையில், மக்களின் பிற்போக்குக்கு அவர்களுடைய வெல்சு மொழியையும் ஒரு காரணமாகக் காட்டினர். அந்த ஆணையாளருக்கு அம்மொழி தெரியாது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஏழு ஆண்டுகளின் பின்னர், 1854இல், டென்பி என்ற சிறு நகரத்து அச்சகத்தார் தோமஸ் ஜீ, வெல்சு மொழியிலே ஒரு கலைக்களஞ்சியத்தை வெளியிடத் தொடங்கினார். 1879இல் அதன் பத்துத் தொகுதிகளும் நிறைவெய்தின. சமயச் சார்பு மிகுந்த நூல்தான், குறைகள் உண்டு. ஆனால் ‘உமது மொழி அறியாமையின் மொழி’ என்ற வசைக்கு வசையால் விடை கூறாமல் பத்துத் தொகுதிகளால் விடை கூறிய அச்செயலிலே, எம் போன்றோர் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு.

எமது மண்ணிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி வேறிடம் சென்றுவிடுவர். தமிழிற் கற்றவர் ஊரிலே தங்கி ஊரவருக்கு வைத்தியம் பார்ப்பர் என்பது அவர் கணிப்பு. அவரும் அவருடைய மாணாக்கருமாகச் சேர்ந்து ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினர். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். மதம் பரப்பும் நோக்கம் அவருக்கு இருந்தது உண்மை. அதை நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆனால், தமிழில் அறுவை வைத்தியம் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுகின்ற நண்பர்களுக்கு, ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே அது சொல்லப்பட்டுவிட்டது என்பதை நினைவூட்ட விரும்புகிறோம். தடைப்பட்டது மொழியின் வலிமை அன்று, முயற்சியின் தொடர்ச்சியே.

தமிழின் முதற் கலைக்களஞ்சியம் எனப் போற்றப்படும் ‘அபிதான கோச’மும் யாழ்ப்பாணத்திலேயே பிறந்தது. மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அதனை 1902இல் வெளியிட்டார். தமிழகத்தில் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. இவை தனிமனிதர் தம் வாழ்நாளைத் தேய்த்து ஆக்கிய நூல்கள். பின்னர், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் ‘கலைக்களஞ்சிய’த்தை வெளியிட்டது. எமது நாட்டிலே 1956இல் ஒரு மொழியை மாத்திரம் அரச மொழியாக்கிய சட்டம் வந்தது. ஆயினும், அக்காலத்திலேயே அரசகரும மொழித் திணைக்களத்தில் அமர்ந்திருந்த தமிழறிஞர்கள் பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் சொற்றொகுதிகளையும் பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார்கள். அவர்களிற் பலருடைய பெயரை இன்று எவரும் அறியார். அவர்கள் வகுத்த சொற்களிலேதான் எமது பிள்ளைகள் இன்றும் விஞ்ஞானம் படிக்கிறார்கள்.

1981 ஆம் ஆண்டு யூன் மாதம் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. ஒரு கட்டடத்தில், ஒரு பிரதியில், ஒரு பூட்டினுள் அறிவைக் காப்பது எத்துணை ஆபத்தானது என்பதை அந்நெருப்பு எமக்கு உணர்த்தியது. அந்தப் பாடத்தைக் கற்றவர்களின் முயற்சியே 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம். ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அங்கே எவரும் விலையின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. அதற்கு முன்னரே, 1998இன் பொங்கல் நாளில், பழந்தமிழ் நூல்களைக் கணினி வழியாக வழங்கும் மதுரைத் திட்டம் தொடங்கியிருந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. அதன் தொடக்க ஆண்டுகளில் அதனைத் தாங்கி நின்றவர்களுள் முதன்மையானவரான இ. மயூரநாதன் எமது நாட்டவர். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தை எட்டின. இவற்றைச் செய்தவர்களிற் பெரும்பாலோர் பகலில் வேறு தொழில் பார்த்து, இரவிற் கூலியின்றி எழுதியவர்கள்.

இவ்விடத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்தி நோக்கவேண்டும். கையில் விலை பெறாமற் கொடுப்பது இலவசம். ஆனால் இலவசமாகக் கொடுத்தவன் நாளை அதனை நிறுத்தவும் கூடும்; நிபந்தனை விதிக்கவும் கூடும். தமிழ் விக்கிப்பீடியர் தமது களஞ்சியத்தைக் ‘கட்டற்ற’ கலைக்களஞ்சியம் என்றே அழைக்கின்றனர். எவரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், அச்சிட்டு வாசிகசாலைச் சுவரில் ஒட்டலாம், பிழை கண்டால் திருத்தலாம். இவற்றுள் கடைசி உரிமையே எல்லாவற்றிலும் பெரியது. திருத்தும் உரிமை உள்ளவன் வெறும் இரவலன் ஆகான்; அவன் அதன் உடைமையாளருள் ஒருவன்.

இனி, எமது சொந்தக் கடனை எண்ணிப் பார்ப்போம். எம்மிற் பெரும்பாலோர் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை நாம் கட்டணம் செலுத்தியதில்லை. அரசாங்கம் கற்பித்தது என்று சொல்லிக்கொள்கிறோம். அந்நாளில் அரசாங்கத்தின் வருவாய் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் ஏற்றுமதியிலேயே பெரிதும் தங்கியிருந்தது. அப்படியாயின், எமது ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்க்கும், நூலகத்து ஆங்கில நூலுக்கும் விலை கொடுத்தவர் யார்? கொழுந்து பறித்த கைகள் அல்லவா? அந்தக் கைகளுக்கு உரியவரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அவர்களுடைய பிள்ளைகள் படித்த தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேதான். எமது படிப்புக்கு அவர்கள் முற்பணம் கட்டினார்கள். எமக்குக் கிடைத்த கல்வி அவர்களுடைய வீட்டு வாசலை மிகத் தாமதித்தே அடைந்தது. அன்று மருந்துத் துண்டோடு வந்து நின்ற தாய் எம்மிடம் யாசிக்க வரவில்லை. தான் கொடுத்த கடனிற் சில வரிகளை வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கணக்கை அவள் அறியாள். அறிந்திருக்க வேண்டிய நாமும் அன்று மறந்திருந்தோம்.

இதற்கு மறுப்புக் கூறுவோர் உளர். “எல்லோருக்கும் ஆங்கிலம் கற்பித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே, உலக அறிவு அனைத்தும் அங்கே இருக்கிறதே” என்பது முதலாவது மறுப்பு. இதனைக் கூறுவோர் எல்லோரும் மக்கள் விரோதிகள் அல்லர்; எமது நண்பர்களும் இவ்வாறு கருதுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆங்கிலம் கற்பிக்கவேண்டும் என்பதில் எமக்கும் மாறுபாடு இல்லை. ஆங்கிலத்தைச் சிங்களச் சகோதரர்கள் ‘கடுவ’, அதாவது வாள், என்று சொல்வதுண்டு. சிலர் கையில் மாத்திரம் இருக்கும்வரை அது வாள்தான். எல்லோர் கையிலும் இருந்தால் அது வெறும் கருவியாகும். ஆனால் அந்தத் தாயின் பிள்ளைக்குக் காய்ச்சல் இன்றிரவு. அவள் ஆங்கிலம் கற்று முடிக்கும்வரை காய்ச்சல் காத்திராது. அன்றியும், மட்டக்களப்பு வாவியில் எந்த மாதத்தில் எந்த மீன் படும் என்பதையும், மலையகத்துக் காமன் கூத்து எவ்வாறு ஆடப்படும் என்பதையும் இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இருந்து ஒருவர் எமக்காக எழுதி வைப்பார் என எதிர்பார்ப்பது பேதைமை. பிறர் மொழியில் மாத்திரம் அறிவைத் தேடும் சமூகம், தன்னைப் பற்றியும் பிறர் சொல்லக் கேட்டே அறியவேண்டிய நிலைக்கு ஆளாகும்.

இரண்டாவது மறுப்பு புதியது. “இப்போது இயந்திரமே மொழிபெயர்க்கிறது. நொடியில் எல்லாம் தமிழில் வந்துவிடும். நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள்?” என்கின்றனர். இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. உழைப்பைக் குறைக்கும் எக் கருவியும் உழைப்பவனுக்கு நண்பனே. ஆயினும், அண்மைக்கால அனுபவங்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டுச் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உண்டு. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரு கணினி நிரல் ஆக்கியவை. அம்மொழியைப் பேசும் மக்களின் வினாக்களிலிருந்து அவை பிறக்கவில்லை. ஸ்கொட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் பல்லாயிரம் கட்டுரைகளை, அம்மொழியே அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார் என்பது 2020இல் வெளிப்பட்டது. அவருக்குத் தீய எண்ணம் எதுவும் இல்லை. உதவி செய்வதாகவே எண்ணியிருந்தார். கிறீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவோ இயந்திர மொழிபெயர்ப்பின் குளறுபடியால் நிறைந்துபோய், அதை மேற்பார்த்தவரே வேண்டிக்கொள்ள, 2025இல் அதனை மூடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது.

இச்சிறு மொழிகளுக்கு நேர்ந்த கேட்டின் தன்மையை உணரவேண்டும். இயந்திரம் ஒரு மொழியைக் கற்பது, அம்மொழியில் மனிதர் எழுதி வைத்தவற்றிலிருந்தே. எழுதி வைத்தது குறைவாயின், அதுவும் பிழையாயின், இயந்திரம் பிழையைக் கற்றுப் பிழையையே திருப்பி ஊற்றும்; அதைக் குடித்து மறுபடியும் பிழையையே எழுதும். ஊர்க் கிணற்றில் உப்பு ஏறிய கதைதான். ஆகவே இயந்திரம் வந்துவிட்டமையால் மனிதர் எழுதவேண்டிய தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்ற வரியிலே பிழை நேர்ந்தால், அதற்காகக் கண்ணீர் விடப்போவது இயந்திரம் அன்று.

இதனாற்றான் கொடை என்ற எண்ணத்தை நாம் எதிர்க்கிறோம். கொடுப்பவன் தொகையை எண்ணுவான்; எத்தனை ஆயிரம் கட்டுரை கொடுத்தேன் என்று மார்தட்டுவான். கடன் தீர்ப்பவனோ, கொடுத்தது செல்லும் நாணயமா என்று கடன்காரன் சோதிக்க இடம் கொடுக்கவேண்டியவன்.

சோதித்துப் பார்த்தால் எம்மிடமும் செல்லாக் காசு உண்டு. சாதாரண உதாரணம் ஒன்று கூறுவோம். எமது பாடசாலைகளிற் பௌதிகம் கற்கும் மாணவனுக்குத் திணிவு வேறு, நிறை வேறு. தமிழகத்து மாணவனுக்கோ நாம் திணிவு என்பதே நிறை. நாம் நிறை என்பது எடை. நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பர்; நாம் வேகம் என்பதைத் திசைவேகம் என்பர். தமிழகத்தவர் எழுதிய கட்டுரையை எமது மாணவன் வாசித்துப் பரீட்சைக்குப் போனால் அவன் கதி என்ன? எது தூய சொல் என்று சண்டையிடுவது இதற்குப் பரிகாரம் ஆகாது. இரு வழக்கையும் அருகருகே எழுதிவைப்பதே நேர்மை. தமிழ் விக்கிப்பீடியாவில் அவ்வாறு எழுதும் வழக்கம் இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

சொல்லைப் பற்றிய இவ்வினா, ஆட்களைப் பற்றிய வினாவாக விரைவில் மாறுகிறது. நாம் தமிழ் என்று சொல்லும்போது யாருடைய தமிழைக் கருதுகிறோம்? பண்டிதரின் தமிழா? நகரத்துப் பட்டதாரியின் தமிழா? தோட்டத்தில் வழங்கும் சொற்கள், கரையூரில் வழங்கும் மீன்பெயர்கள், முஸ்லிம் மக்களின் இல்லங்களில் வழங்கும் சொற்கள் ஆகியன எமது களஞ்சியத்தில் எத்தனை உள்ளன? தமிழரின் தாழ்த்தப்பட்ட பகுதியினர் தம் தொழிலில் ஆண்ட நுட்பச் சொற்களை இழிவழக்கு என்று தள்ளிவிட்டுப் புதுச்சொல் ஆக்க அகராதியைப் புரட்டிய குற்றம் எம்முடையது.

இன்னொரு படி மேலே செல்லவேண்டும். சிறுபான்மையோர் என்று உரிமை கோரும் நாம், எம்மிலும் சிறியோரை எவ்வாறு நோக்குகிறோம்? இந்நாட்டிலே மலாயர் தமது கிரியோல் மொழியைப் பேசுகின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் வீடுகளிற் போர்த்துக்கேயக் கிரியோல் இன்னும் வாழ்கிறது. வேடர் மொழி மங்கிக்கொண்டிருக்கிறது. தெலுங்கு பேசும் சிறு குழுக்களும் உள்ளன. அவர்களுடைய பிள்ளைகள் எமது தமிழ்ப் பாடசாலைகளிலோ சிங்களப் பாடசாலைகளிலோதான் படிக்கிறார்கள். ‘உனது மொழி எதற்கு உதவும்?’ என்று எமக்கு ஒருகாலத்தில் வீசப்பட்ட வினாவை, அப்பிள்ளைகளை நோக்கி நாம் வீசுவோமாயின், மொழியுரிமை பற்றி நாம் பேசியவையெல்லாம் வெறும் வீண் பேச்சு. அவ்வாறே சிங்கள ஆசிரியரும் எமது எதிரி அல்லர். சிங்களமும் உலகின் பெரிய மொழிகளுள் ஒன்றன்று. அங்கும் கிராமத்துத் தாய் ஆங்கிலத் துண்டோடு வாயிலில் நிற்கிறாள். இவ்வகையில் இரு மொழியாசிரியரும் ஒரே கடனைச் சுமந்தவர்கள்; ஒரே பக்கத்தை இருமொழியிலும் எழுதுவது சேர்ந்து தீர்க்கக்கூடிய கடன்.

செய்யவேண்டியது யாது என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். பெரிய சபையும் பெருந்தொகைப் பணமும் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. ரியூசன் கொட்டகைகளில் அறிவு குறிப்புகளாகக் கட்டி விற்கப்படும் இந்நாளில், ஒரு வகுப்பு ஒரு தவணைக்கு ஒரு பக்கத்தை விலையின்றி எழுதி வெளியிடுவதே ஒரு போராட்டம். தமது ஊர்க் குளத்தைப் பற்றி, ஊர்த் தொழிலைப் பற்றி, வீட்டில் உபயோகிக்கும் மருந்தைப் பற்றி எழுதட்டும். எழுதுமுன் அத்தொழிலைச் செய்பவரிடம் சென்று கேட்கட்டும். எழுதியபின் அவருக்கே வாசித்துக் காட்டட்டும். தவறு என்று அவர் சொன்னால் திருத்தட்டும். கையில் தொலைபேசி இருந்தும் அதற்குப் பணம் நிரப்ப இயலாதவர்கள் உளர். ஆதலால் அப்பக்கம் அச்சேறி வாசிகசாலைச் சுவரிலும் இருக்கட்டும். முன்பு எமது வாசிகசாலைகளில் ஒருவர் பத்திரிகையை வாசிக்கப் பத்துப்பேர் சூழ்ந்திருந்து கேட்டார்கள். இடைமறித்துக் கேள்வியும் கேட்டார்கள். அந்த மரபை நாம் புதிதாக ஆக்கவேண்டியதில்லை; மறவாதிருந்தாற் போதும்.

அந்த மாலைக்குச் சில வாரங்களின் பின்னர், தூள் மருந்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தோம். எழுத்து எமக்குத் திருப்தியாகவே இருந்தது. வாசித்து முடித்ததும் பின் வரிசையிலிருந்து அதே தாய் எழுந்தாள். “ஏழு நாள்னா, கரச்ச நாளையும் சேத்தா, சேர்?” என்று கேட்டாள். எமக்குத் தெரியவில்லை. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் மருந்தை எங்கே வைப்பது என்று மற்றொருத்தி கேட்டாள். அதுவும் தெரியவில்லை. ஆங்கிலத் துண்டை வாசித்தபோது இவ்வினாக்கள் எமக்குத் தோன்றவேயில்லை. எமது வீட்டிற் குளிர்ப்பெட்டி இருந்தது. மருந்தாளர் ஒருவரிடம் சென்று விடைகளைக் கேட்டுவந்து பக்கத்தை மறுபடியும் எழுதினோம். ‘கொதித்தாறிய நீர்’ என்பதற்கு அருகில் அவர்கள் சொல்லும் ‘ஆறவச்ச சுடுதண்ணி’யையும் சேர்த்தோம்.

அன்று அவள் எம்மைக் கும்பிடவில்லை. திருத்திய பக்கத்தை வாங்கி, தனது வினாவுக்குரிய விடை அதில் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடி வாசித்தாள். இருந்தது. மடித்து எடுத்துக்கொண்டு நடந்தாள். எமது கடனில் ஒரு பக்கம் தீர்ந்தது. எஞ்சியவை இன்னும் எழுதப்படாமலே கிடக்கின்றன.